சம்பாலுக்கு ஒரு பதில்

"அந்த சம்பாலை மொதல்ல வெளிய தள்ளுங்க. சோத்துல கைய வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க?" என்றாள் திலகா.

குமரவேல் நிமிரவில்லை. வலது கை சோற்றில், இடது கையில் கைப்பேசி. கோழிக்கறி ஆறிப்போய் எண்ணெய் மேலே மிதந்தது.

சம்பால் என்பது இங்கே தொட்டுக்கொள்ளும் சமாச்சாரம் அல்ல, ஒரு ஆள். சொந்தப் பெயரைச் சொல்லாமல் அந்தப் பெயரில் ஒளிந்துகொண்டு, நாலு நாளாகக் குமரவேலைப் பிய்த்து எடுக்கிறவன்.

மலேசியாவின் ரவாங் நகரத்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற குமரவேல், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய லேப்டாப்பை ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றி, அதையே சர்வராக ஓட விட்டான். தன் ஊரான பத்தாங் பெர்ஜுந்தாயின் ஜனங்களுக்கென்று சொந்தமாக ஒரு சமூகத்தளம் தொடங்கிவிட்டதாக அறிவித்தான். பெயர், 'நம்ம பெர்ஜுந்தாய்.'

"மத்ததெல்லாம் ஒரே முதலாளி கையில இருக்கு, திலகா. இது அப்பிடி இல்ல. ஒவ்வொரு ஊரும் தனக்குன்னு ஒண்ணு வச்சிக்கலாம். வச்சிக்கிட்டு எல்லா ஊரோடயும் பேசலாம். மென்பொருள் இலவசம். உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் பிரிச்சிப் பாக்கலாம்."

"பிரிச்சிப் பாத்து?"

"பாத்து... பாக்கலாம்."

ஊரில் ஒருத்தரும் பாக்க வரவில்லை. கோயில் செயலாளர் முருகையா, "எனக்கு வாட்ஸ்அப் போதும்லா தம்பி" என்று கும்பிட்டுவிட்டார். திலகாவே இரண்டு மாதமாக "நாளைக்கி சேர்றேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளினிக் கவுன்டரில் நாள் முழுக்க ஜனங்களிடம் பேசிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் ஜனங்களோடு பேச ஒரு வழி எதற்கு?

கடைசியில் அந்தத் தளத்துக்கு ஒரு ஆள் வந்து சேர்ந்தான் என்றால், அவன் இந்த சம்பால்.

"இன்னிக்கி என்ன சொல்றான்?"

"வேலைவெட்டி இல்லாதவனுக்குத்தான் இந்த இலவச மென்பொருள் எல்லாம்னு சொல்றான்."

"உங்களுக்குத்தான் வேலை இருக்கே. சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். வேலைய விட்டுட்டு எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்னு கேக்கறான்."

திலகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "பேசாம தடை பண்ணிடுங்க. உங்க தளம்தானே, நீங்கதானே முதலாளி?"

"அதெப்பிடி? முதலாளியே கிடையாதுன்னு சொல்லித்தான ஆரம்பிச்சேன். அதுவும் இல்லாம..." குமரவேல் குரல் இறங்கியது. "அவன் போயிட்டான்னா அப்புறம் அங்க யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு மறுபடி எதையோ தட்டினான். நெற்றியைச் சுருக்கினான். மறுபடி தட்டினான். பிறகு கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாலு நாளாகத் தோற்றுக்கொண்டிருக்கிறவன் விடுகிற பெருமூச்சு ஒன்றை விட்டான்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்க."

"உன் சொந்தப் பொண்டாட்டியே இன்னும் சேரல, ஊரு எப்பிடிடா சேரும்னு கேட்டுட்டான். இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

திலகாவின் முகம் மாறியது. புருஷனைக் கேலி செய்ய அவளுக்கு உரிமை உண்டு. பன்னிரண்டு வருஷமாகச் செய்தும் வருகிறாள். முகம் தெரியாத எவனோ ஒருத்தன், அதுவும் அவளையே சாக்காக வைத்துச் செய்வதாவது?

"எப்பிடி சேரணும்? காட்டுங்க."

"இப்பவா? வேணாம் திலகா, நீ சாப்பிடு..."

"காட்டுங்கன்னா."

தன் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் சேர்ந்தாள். படம் போடவில்லை, அறிமுகம் எழுதவில்லை. நேராகச் சம்பாலிடம் போனாள். தோட்டத்து லயன் வீடுகளின் குழாயடியில் இரண்டு தலைமுறையாகச் சண்டை போட்ட குடும்பத்துப் பெண். விரல்கள் பறந்தன.

'ஏய் சம்பால். மூஞ்சியக் காட்டத் துப்பில்லாதவனே. என் வீட்டுக்காரரு ரெண்டு மாசமா மண்டைய ஒடைச்சி இத கட்டி நிறுத்தியிருக்காரு. நீ என்னத்த கிழிச்ச? அவரு அறிவுல கால்வாசி உனக்கு இருக்குமா? உன்னையெல்லாம் நம்பி ஒருத்தி கழுத்த நீட்டியிருந்தா, அவ தலையெழுத்த நெனச்சாத்தான் பாவமா இருக்கு.'

அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். "படிங்க."

குமரவேல் கைப்பேசியைத் திருப்பிப் படித்தான். முதல் இரண்டு வரியில் லேசாகச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. கடைசி வரிக்கு வந்தபோது காது வரைக்கும் சிவந்திருந்தான்.

"கொஞ்சம் ஓவரா இல்ல?"

"இன்னும் பாக்கி இருக்கு. பதில் போடட்டும், மிச்சத்தையும் தரேன்." அவன் தட்டில் சூடாகக் கறி ஊற்றினாள். "நீங்க சாப்பிடுங்க. இனி அவன நான் பாத்துக்கறேன்."

பத்து நிமிடம் ஆயிற்று. சம்பாலிடமிருந்து சத்தமே இல்லை.

"பாத்தீங்களா? வாய மூடிட்டான். நாலு நாளா உங்களால முடியாதத ஒரே அடியில முடிச்சிட்டேன். பொம்பளைன்னதும் பயந்து ஓடிட்டான் போல."

"ஓடல, திலகா."

"அப்ப ஏன் பதில் காணோம்?"

குமரவேல் கறி அப்பிய வலது கையை அவளிடம் தூக்கிக் காட்டினான்.

"கை கழுவிட்டு வந்துதான் போடணும். உனக்குப் பதில் சொல்ல இடது கை மட்டும் பத்தாது. சண்டை நடந்தாலாவது கூட்டம் கூடுமேன்னு நான்தான் அந்தப் பேருலயும் எழுத ஆரம்பிச்சேன். ஆனா சத்தியமா சொல்றேன், நாலு நாளா அவன என்னாலயே ஜெயிக்க முடியல."