கருடன் வந்த கும்பாபிஷேகம்

சிவாச்சாரியார் தீர்த்தக் குடத்தை ஏந்திக்கொண்டு கோபுரத்தின் மேல் நின்றார். கீழே இருந்த கூட்டம் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்த்தது.

சத்யப்பிரியா மட்டும் குனிந்து போனைப் பார்த்தாள்.

கருடன் வர வேண்டும். கலசத்துக்கு மேலே ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் தீர்த்தம் ஊற்றலாம் என்று தர்மகர்த்தா சாமியப்பன் ஒற்றைக் காலில் நின்றார். அவர் அவளுடைய மாமனார்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. போன கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வரவில்லை. ஒரு காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. அன்று முதல் மங்கலம் ஊரில் தறி ஓடாவிட்டாலும் சரி, மழை பெய்யாவிட்டாலும் சரி, "அன்னைக்குக் கருடனே வரலீங்களே" என்று யாராவது அவர் காதுபட இழுப்பார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சிரித்தே சமாளித்துவிட்டார். இன்றும் வராமல் போனால் மனிதர் உடைந்துவிடுவார்.

ஆவணியில் வைத்திருக்க வேண்டியதை ஐப்பசிக்குத் தள்ளியவரும் அவர்தான். பெயின்ட் காயவில்லை என்றார். இப்போது பெயின்ட் காய்ந்துவிட்டது, நல்ல நேரம் முடியப்போகிறது, வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது.

அவளுக்கும் அந்தக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை போனுக்குள் இருந்தது.

பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை அவளுக்கு. தூத்துக்குடியில் ஏற்றிய கன்டெய்னர் எந்தக் கடலில் மிதக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, ஜெர்மன்காரருக்குப் பதில் சொல்வதுதான் பிழைப்பு. எல்லாப் புள்ளிகளும் இங்கிருந்து கிளம்பி அங்கே போகும். ஒரே ஒரு புள்ளிதான் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்துகொண்டிருந்தது.

அது ஒரு விராலடிப்பான். மீனைத் தவிர வேறெதற்கும் மயங்காத பெரிய வேட்டைப் பறவை. ரஷ்யாவில் ஓர் ஏரிக்கரையில் அதன் முதுகில் கருவி மாட்டிப் பறக்கவிட்டிருந்தார்கள். அது எங்கே பறக்கிறது என்று யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். போன வருஷக் குளிர்காலத்தை இந்தக் கோயிலை ஒட்டிய குளத்தில்தான் கழித்தது. கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி. அவள் அதற்கு மைனர் என்று பெயர் வைத்தாள்.

கோடைக்கு ரஷ்யா திரும்பியிருந்த மைனர் இந்த ஆவணியில் மறுபடி கிளம்பியது. கஜகஸ்தானைத் தாண்டியது. மலைகளைத் தாண்டியது. குஜராத்தில் ஓர் ஏரியைப் பிடித்துக்கொண்டு மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி நாலு நாள் தின்றுவிட்டுக் கிளம்பியது. குழம்பு கொதிக்கும்போதும் கம்பெனியில் மீட்டிங் நடக்கும்போதும் அவளுடைய ஒரு கண் அதன்மேல்தான். நான் வெளியூர் போனால் இவ்வளவு விசாரித்திருப்பாயா என்று கணவன் அருள்செல்வன் கிண்டல் செய்தான்.

சோலாப்பூர் பக்கம் ஓர் அணைக்கட்டில் புள்ளி நின்றது. ஒரு வாரமாக அசையவே இல்லை.

கரன்ட் கம்பியோ, வலையோ, எவனுடைய துப்பாக்கியோ. அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கும்பாபிஷேக வேலைக்கு நடுவே ஒரு பறவைக்காக அழுகிறேன் என்று வீட்டில் யாரிடம் சொல்வது? சொல்லவில்லை. புள்ளி நின்றுபோனதை அருள்செல்வனிடம்கூடச் சொல்லவில்லை. மாமனாரே பாவம், ஒரு வாரமாகச் சோற்றைத் தொடாமல் விரதம் இருந்தார்.

"அந்த டிரோனை எறக்குங்க தம்பி!" என்று சாமியப்பன் கத்தினார். வீடியோக்காரர் பயந்துபோய் இறக்கினார். மேளம் நின்றது. கொளுத்த வைத்திருந்த வெடியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். கருடனுக்காக மனிதர் எப்படித் துடிக்கிறார், என்ன பக்தி என்று சனம் மெச்சியது.

சத்யப்பிரியா இன்னொரு தடவை வரைபடத்தைத் திறந்தாள். அதே அணைக்கட்டு, அதே புள்ளி.

"கருடன்!" என்று யாரோ அலறினார்கள்.

கூட்டம் மொத்தமும் அரோகரா போட்டது. குடம் சாய்ந்தது. கலசத்தில் தீர்த்தம் வழிந்தது. அவளும் அரை மனதோடு நிமிர்ந்தாள்.

வெள்ளை வயிறு. நீண்டு மடங்கிய இறக்கை. அது ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியபோது முதுகில் ஏதோ வெயில் பட்டுப் பளிச்சென்றது.

கருவிதான் கெட்டிருக்கிறது. மைனருக்கு ஒன்றுமில்லை.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு ஓவென்று அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கண் கலங்கியது. மாமனார் மானம் பிழைத்ததற்கு மருமகள் இப்படி அழுகிறாளே என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் பறவையின் கால்களைக் கவனித்தாள். உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை ஒன்று அங்கே துடித்துக்கொண்டிருந்தது.

முருகன் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கருடன் மீனோடு வந்திருக்கிறது! சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. நல்லவேளை, பாதிப் பேர் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள், மீதிப் பேர் தீர்த்தத்துக்கு முண்டியடித்தார்கள். மேடையில் சாமியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். செத்தாலும் இவரிடம் சொல்லக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் மைக்கைப் பிடித்தார். கருடன் வந்த பெருமையை அரை மணி நேரமாவது பேசுவார் என்று சனம் காத்திருந்தது. மண்டபத்தில் இலை போட்டாயிற்று, எல்லோரும் உடனே வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தார்.

நேராக மருமகளிடம் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கொளத்துப் பக்கம் யாரும் போவ வேண்டாமுன்னு சொல்லிப்போடு கண்ணு. சோலாப்பூர்ல காணாமப் போனது எப்படியோ வந்து சேந்துருச்சு, எறங்கி நிம்மதியா அந்த மீனைத் திங்கட்டும்."