பச்சை போர்டுக்குக் கீழே ஒரு பூட்டு

மெயின் சுவிட்சை அணைத்ததும் மாடி நடை முழுக்க இருட்டிவிட்டது. டியூஷன் சென்டரின் பின்பக்க நடையில் ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் கும்மிருட்டு.

அடுத்த நொடி எமர்ஜென்சி லைட்டுகள் எரிந்தன. நடையின் கடைசியில், பின்பக்கப் படிக்கட்டுக்குப் போகும் கதவுக்கு மேலே, 'வெளியே செல்லும் வழி' என்ற பச்சை போர்டும் பளிச்சென்று தெரிந்தது.

ராஜ்மோகனுக்குத் திருப்தி. நெய்வேலியைச் சுற்றியுள்ள கட்டடங்களில் இந்த விளக்குகளைச் சோதித்து சர்டிபிகேட் தருவது அவர் வேலை. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்தில் பேட்டரி விளக்கை யார் மதிக்கிறார்கள் என்று எப்போதும் அலுத்துக்கொள்வார். இங்கே ஒன்றுகூடப் பழுதில்லை.

"தீப்பிடிச்சா வெளியே போற ஒத்திகை இது. எல்லாரும் பச்சை போர்டைப் பார்த்து நடங்க. ஓடக் கூடாது" என்றார்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவர் மகள் இளவேனிலும் இங்கேதான் படிக்கிறாள், அவளும் வரிசையில் இருந்தாள். முதலில் போன பையன் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

மெயினைப் போட்டுவிட்டு வந்த ராஜ்மோகன், சென்டர் நடத்தும் காயத்ரியைப் பிள்ளைகள் முன்னாலேயே திட்ட ஆரம்பித்தார்.

"பிள்ளைங்க உயிர் உங்களுக்கு விளையாட்டா? புகை சூழ்ந்தா இதுங்க எங்க போகும்? போர்டு மட்டும் எரிஞ்சா போதுமா? யார் பூட்டினது?"

"தப்புதாங்க சார்" என்றாள் காயத்ரி, தலையைக் குனிந்துகொண்டு.

"சாவியை எடுங்க."

அவள் நகரவில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அவள் தனியாக நடத்தும் சென்டர் அது. ராஜ்மோகன் கையெழுத்துப் போடாவிட்டால் கட்டடக்காரர் நாளைக்கே காலி பண்ணச் சொல்லிவிடுவார். அது தெரிந்தும் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பொறுப்பில்லாதவர்களுக்கு எதற்குப் பள்ளிப் பிள்ளைகள் என்பதுவரை அவர் கேட்டுவிட்டார். பெற்றவர், கேட்கத்தானே செய்வார்? இளவேனில்கூட அப்பாவைப் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காயத்ரி பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பி, வகுப்புக் கதவைச் சாத்தினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சாவி என்கிட்ட இல்லீங்க சார். உங்க வூட்டுல இருக்கு."

"எங்க வீட்டுலயா?" என்றார் ராஜ்மோகன்.

"உங்க பாப்பா பின்பக்கப் படியில ஒரு பையன்கூட நின்னுகினு பேசுதுன்னு யாரோ சொன்னாங்களாம். உங்க வூட்டம்மாவே பூட்டு வாங்கியாந்து பூட்டிட்டு, சாவிய எடுத்துக்கினு போயிட்டாங்க. நீங்கதான் பூட்டச் சொன்னதா சொன்னாங்க. புள்ளைய நிறுத்திடுவீங்களோன்னு பயந்துகினு நானும் ஒத்துக்கினேன். என் மேலயும் தப்புதாங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. மனைவி விஷயத்தைச் சொன்னபோது, சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே, 'அந்தப் பக்கம் போக முடியாம பூட்டிடச் சொல்லு, பேச்சு வெளியே வரக் கூடாது' என்றிருந்தார். அது எந்தக் கதவு என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று இப்போது தெரியவில்லை.

பூட்டைக் கையில் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "நான் அவ்வளவு பேசினேனே. அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"எப்பிடிங்க சார் சொல்றது? அத்தன புள்ளைங்களுக்கு நடுவுல பாப்பா நின்னுகினு இருந்துச்சே. நாளைக்கு அது தல நிமிந்து இங்க வர வேணாமா?"