நிறம் வந்த பிள்ளைகள்

கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணி. அதற்குள்ளே ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு கறுத்த ஊதாப்பாசி ஒருத்தி குடியிருந்தாள். அவளைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக ஏழு பிள்ளைகள். அதுவரை தொட்டிக்கு மேலிருந்து மெல்லிசாக நீல வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்த விளக்கு, ஒருநாள் பளீரென்று வெள்ளையாகக் கொட்ட ஆரம்பித்தது.

"அண்ணே, பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் காந்துது. கொஞ்சம் தணிச்சுக்குங்க," என்று பாசி மெதுவாகத்தான் கேட்டாள்.

"என் வெளிச்சத்துலதானே நீ வளர்ந்தே? அள்ளிக் கொடுத்தா வாங்கிக்கத் தெரியலையே!" என்றது விளக்கு.

நாலே நாளில் ஆறு பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிறிப் போனார்கள். கண்ணாடியில் ஊர்ந்து வந்த நத்தை நின்று பார்த்தது.

"அடியே, பிள்ளைங்க என்னமா நிறம் வந்துட்டாங்க! உன் கறுப்பு ஒண்ணுக்கும் வரல. எல்லாம் அண்ணன் புண்ணியம்."

விளக்குக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டியது.

"நிறமாடி அது? தொட்டுப் பாரு, ஒண்ணுலயும் உசிரு இல்ல! ஆறு பிள்ளையைப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன், அவனுக்குப் புண்ணியமா?" என்று பாசி கத்தினாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே தொட்டியில் யாருக்கும் தெரியாது. நத்தை ஓட்டுக்குள்ளே போய்விட்டது.

கடைசிப் பிள்ளை மட்டும் பாறை நிழலில் ஒண்டியிருந்தாள். பாசி அவளை மறைத்துக்கொண்டாள்.

"அங்கே கறுப்பா என்னமோ ஒட்டியிருக்கே, அழுக்கா?" என்று கேட்டது விளக்கு.

"என் பொண்ணுடா," என்றாள் பாசி.