மருமகளின் மாத்திரை

"என் மாத்திரையை எடுத்தது நீங்கதானா அத்தை?"

தேவிப்ரியா கேட்டதற்குப் பொன்னுத்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் மது எடுப்புத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. நெல் நிரப்பி, தென்னம்பாளை செருகி, பெண்கள் வரிசையாகக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் குடங்களில் முதல் குடம் இந்த வீட்டுக் குடம். அதைச் சுமப்பவள் பொன்னுத்தாய்.

கோயிலுக்குக் கட்டிப்போக மாமியாரின் பட்டுச் சேலையை எடுத்து வைக்கலாமே என்றுதான் சற்று முன் தேவிப்ரியா பெட்டியைத் திறந்திருந்தாள். சேலை மடிப்புக்குள் பாதி காலியான மாத்திரை அட்டை கிடந்தது. அவளுடைய மாத்திரை. போன மாதமும் இப்படித்தான் குறைந்தது. குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று அன்னவாசலுக்கே போய் மெடிக்கல் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு வந்தாள். பாவம், அந்த மனுஷன்.

கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. புதுக்கோட்டை டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுப் பொறுமையாகத்தான் விளக்கினார். கரு வந்து ஒட்ட வேண்டுமானால் கர்ப்பப்பையின் உள்தோல் உதிராமல் நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பது ஒரு ஹார்மோன். அந்தத் தோலோ, தன்னிடம் வந்து சேரும் ஹார்மோனைத் தானே சிதைத்துக் கழித்துவிடும். அதனால் அது ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தேவிப்ரியாவின் உடம்பில் ஊறுவது போதவில்லை, மாத்திரையால் ஈடுகட்டலாம், நடுவில் விட்டால் தோல் உதிர்ந்து தீட்டாகிவிடும் என்றார். பக்கத்து நாற்காலியில் பொன்னுத்தாயும் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அப்படிக் கேட்டவளே கை வைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? போன மாதம் மாத்திரை பாதியில் தீர்ந்து, மறுபடி வாங்கி வருவதற்குள் தீட்டாகிவிட்டது. அன்றைக்கு அழுத அழுகை தேவிப்ரியாவுக்குத்தான் தெரியும். இந்த மாதமும் அதே கதியா?

எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் முன்பே காதில் போட்டு வைத்திருந்தாள். பொன்னுத்தாய் தன் மகன் முத்துராஜுக்கு அண்ணன் மகள் வனிதாவை இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்கப் பார்க்கிறாளாம். ஊர் வாய்க்கு வேறு வேலை இல்லை என்று தேவிப்ரியா அன்றைக்கு அதைத் தள்ளிவிட்டாள். இன்றைக்குத் தள்ள முடியவில்லை.

"வனிதாவக் கொண்டாரணும்னா நேராச் சொல்லிருங்க. எனக்குப் புள்ள தங்கவிடாம ஏன் இப்புடிப் பண்றீங்க?"

ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிற பொன்னுத்தாய் இன்றைக்குக் குடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு தேய் தேய்ப்பதும் மூச்சு வாங்குவதுமாக இருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான் அடித்துக்கொள்ளும் என்று நினைத்தாள் தேவிப்ரியா.

இனி இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை என்று விறுவிறுவென உள்ளே போய்ப் பையில் சேலைகளைத் திணித்தாள். குளத்தூரில் அம்மா வீடு இருக்கிறது. முத்துராஜ் வேலை முடிந்து வந்தால் அவன் அம்மாவையே கேட்டுக்கொள்ளட்டும்.

வாசலைத் தாண்டுவதற்குள் பொன்னுத்தாய் ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாத ஆத்தா. ஒம் புள்ளைக்கு நானே எமனா இருப்பேனா? எடுத்தேன், இல்லங்கல. ஆனா தூக்கிப் போடல. நான்தான் முழுங்குனேன்."

"நீங்களா? எதுக்கு?"

பொன்னுத்தாய் தெருவை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அழுகை நிற்கவில்லை.

"இதப் போட்டா உள்ள உதிராம நிக்கும்னு அந்த டாக்டரம்மாதானே சொன்னாங்க. இந்த வயசுல மெடிக்கல்ல போயி நான் என்னன்னு கேப்பேன்? கோயில்ல கொடத்த எறக்குற வரைக்கும் நின்னாப் போதும்னு நெனச்சேன். ஒங்க கல்யாணத்துக்கு முந்தியே நின்னு போன தீட்டு ஆத்தா, சித்திரையிலேருந்து எனக்குத் திரும்பவும் பட்டுக்கிட்டே இருக்கு."

மாதவிலக்கு நின்றுபோன பிறகு இரத்தம் பட்டால் அது தீட்டில்லை, பெரிய நோயாகக்கூட இருக்கலாம் என்று தேவிப்ரியாவுக்குத் தெரியும். உள்ளே போய், பையிலிருந்த தன் சேலைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு மாமியாரின் சேலைகளை அதில் எடுத்து வைத்தாள்.

"கொடத்த யாராச்சும் தூக்கட்டும் அத்தை. நீங்க கெளம்புங்க, டாக்டரம்மாவப் பாக்கணும்."