ஐந்தாவது மேசைக்காரர்

“பணம் போடறவங்கள்ல ஒருத்தராவது சரின்னு சொல்லணும். சொன்னா வேலையை விடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன். சொல்லலைன்னா இந்தப் பெட்டி பரணுக்குப் போகுது. அப்புறம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது” என்றாள் மனைவி.

லிஃப்ட் மெக்கானிக் தலையாட்டினான். மடியில் இருந்த பெட்டி அவனே செய்தது. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் அது தானாகவே மெக்கானிக்கைப் போனில் கூப்பிடும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், “பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க” என்று ஆறுதலாகப் பேசும். குரல் மனைவியுடையது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரல் அவனிடம் ஒருமுறைகூட அப்படி ஆறுதல் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

அவன் வேலை பார்க்கும் கம்பெனி மேனேஜருக்குப் பெட்டி விஷயம் எட்டிவிட்டது. “பெட்டியா, வேலையா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லு” என்று கெடு வைத்துவிட்டார். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும். மகளின் பள்ளிக்கூடம் அந்த வீட்டை ஒட்டித்தான் இருந்தது.

அதனால்தான் இருவரும் இந்தப் புதுத்தொழில் மாநாட்டுக்கு வந்திருந்தார்கள். காலையில் மேடையில் ஒருவர் ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் முழங்கினார்: “மாதச் சம்பளம் ஒரு கூண்டு. திறந்துகொண்டு வெளியே வாருங்கள்.”

மெக்கானிக்குக்குப் புல்லரித்தது. கூண்டைத் திறந்து ஆளை வெளியே எடுப்பதுதானே அவன் தொழிலே. இத்தனை நாளாகத் தன்னை எடுக்கத் தோன்றவில்லையே.

“தோல்வியைக் கொண்டாடுங்கள்” என்றார் அதே ஆள்.

“கொண்டாடலாம். எந்த வீட்ல வச்சு?” என்று மனைவி அவன் காதில் கேட்டாள்.

மதியம் முதலீட்டாளர் சந்திப்பு. நீள அறையில் ஐந்து மேசைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் கோட்டு போட்ட ஒருவர். மணி அடித்தால் பேச வேண்டும். மறுபடி அடித்தால் எழுந்து அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ரத்தம் எடுக்க உட்கார்ந்த மாதிரி எல்லோரும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

முதல் மேசையில் வெள்ளை மீசைக்காரர். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். உள்ளிருந்து மனைவியின் குரல் வந்ததும் சிரித்தார். “பிரமாதம். பேசுவோம்” என்று அவர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது மேசைக்காரருக்கும் பெட்டி பிடித்திருந்தது. மூன்றாமவர் விலைகூடக் கேட்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. நான்காமவர் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவரும் பிரமாதம் என்றார், பேசுவோம் என்றார்.

“என்னங்க, நிஜமாவே இது நல்ல பெட்டிதானா?” என்றாள் மனைவி. தான் பட்ட சந்தேகத்தின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஐந்தாவது மேசையில் இருந்தவர் ஒல்லியான மனிதர். பெட்டியைத் தொடவே இல்லை.

“இப்ப வேலையில இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். இன்னிக்கு விடப்போறேன்.”

“வீடு?”

“கம்பெனி வீடு சார்.”

“குழந்தைங்க?”

“ஒரு பொண்ணு. சார், இந்தப் பெட்டி என்ன பண்ணும்னா…”

“நல்லாத்தான் பண்ணும். நீங்க வேலையை விடாதீங்க.”

“அந்த நாலு பேரும் பேசுவோம்னு சொல்லியிருக்காங்க சார்.”

“சொல்லுவாங்க.” அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “நீங்களாவது கேளுங்கம்மா. இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

மணி அடித்தது.

அறைக்கு வெளியே நடைக்கு வந்ததும் மெக்கானிக் பொரிந்து தள்ளினான். “தொட்டுக்கூடப் பார்க்கலை. உங்கப்பாகூட என்னை இப்படிப் பேசினதில்லை.”

“எங்கப்பா மனசுக்குள்ள பேசுவாரு. ஆனா அந்த ஆள் சொன்னதுல…”

“ஒருத்தர் சொன்னாப் போதும்னே. நாலு பேர் சொல்லியாச்சு. இப்பப் பேச்சு மாறலாமா?”

அவள் அவன் தோளில் கை வைத்தாள். “அனுப்புங்க. பயப்படாதீங்க.”

பெட்டிதான் பேசிவிட்டதோ என்று மெக்கானிக் ஒரு கணம் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தான். போனை எடுத்து, வேலையை விடுவதாக மேனேஜருக்குச் செய்தி அனுப்பினான். லீவு கேட்டால் வாரக்கணக்கில் வாய் திறக்காத மனிதர் உடனே பதில் போட்டார்: ‘சரி. உன் இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. மாசக் கடைசியில வீட்டுச் சாவியைக் குடுத்துடு.’

“கொஞ்சம் இரு. அந்த அஞ்சாவது மேசைக்காரர்கிட்ட வேலையை விட்டாச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடறேன்.”

“எதுக்குங்க வம்பு?” என்றபடியே அவளும் பின்னால் வந்தாள்.

மேசைகள் காலியாக இருந்தன. பின்பக்கக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஐந்து பேரும் கோட்டைக் கழற்றி ஒரு கம்பியில் வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாநாட்டை நடத்தும் அம்மாள் ஒல்லி மனிதரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பிரமாதம், பேசுவோம். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல? முதலீட்டாளர் ஒருத்தரும் வரலைன்னுதானே உங்களை எல்லாம் கோட்டு மாட்டி உட்கார வச்சேன். போன வருஷமும் இப்படித்தான் நடத்தினோம், ஒருத்தர் குறை சொன்னதில்லை. வர்றவங்க சந்தோஷமாப் போகணும். வேலையை விடாதேன்னு சொல்ல நீங்க யாரு?”

ஒல்லி மனிதர் கோட்டை மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற வெள்ளை மீசைக்காரரைக் கைகாட்டினார்.

“போன வருஷம் நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேம்மா. இவர்தான் என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, பேசுவோம்னார். அன்னிக்குச் சாயங்காலமே நான் வேலையை விட்டேன்.”