நெட் வராத மதியம்

மந்தாரக்குப்பம் கான்ட்ராக்ட் ஆபீஸில் காலையிலிருந்து நெட் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தப்படுபவர்களின் பட்டியலை மேனேஜர் பாலகுமார் இன்றே அனுப்பியாக வேண்டும்.

“கேபிள் மாத்தியும் வரலையா நெடுமாறா?”

“கம்ப்யூட்டர்ல நெட்டுக்கு வழி காட்டற டிஎன்எஸ் அட்ரஸ் மாறிக் கெடக்குது சார். பாத்துக்கினு இருக்கேன்,” என்றான் கம்ப்யூட்டர் பார்க்கும் நெடுமாறன்.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவனுடைய மாமியார் போன் செய்தாள். “செவ்வந்திய ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிக்கினு போய்ட்டாங்க.”

நெடுமாறன் ஒரு வரி தட்டினான். நெட் வந்துவிட்டது.

பாலகுமார் தயங்கினார். “இந்த லிஸ்ட்ல உன் பேரும் இருக்குப்பா.”

“நேத்தே பாத்துட்டேன் சார். லிஸ்ட் போயிட்டா இன்சூரன்ஸ் கார்டு செல்லாது. பொண்டாட்டிய உள்ள கூட்டிக்கினு போற வரைக்கும் போகக்கூடாதுன்னு நான்தான் அட்ரஸ மாத்தி வெச்சேன்.”

பாலகுமார் பட்டியலை அனுப்பினார்.