பிஸ்கட் ஏறிய மாடி

“ஊட்டுல எத்தனை படிங்க?” எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டார் கால்நடை டாக்டர்.

“படியே இல்லீங்க டாக்டர். வாசல்ல இருந்து சமையக்கட்டு வரைக்கும் ஒரே மட்டம்” என்றாள் ஜெயபாரதி. அவள் காலடியில் பதினோரு வயது நாய் பிஸ்கட் மூச்சிரைக்கப் படுத்திருந்தான்.

டாக்டர் குனிந்து அவன் இடுப்பை மெல்ல அழுத்தினார். பிஸ்கட் முனகிக்கொண்டே முகத்தைத் திருப்பினான்.

“ரெண்டு இடுப்பு மூட்டும் தேஞ்சு போச்சுங்க. மனுசங்களுக்கு வர்ற அதே மூட்டுத் தேய்மானம்தான். காலைல எந்திரிக்கச் சிரமப்படறானுங்களா?”

“ஆமாங்க. நாலடி நடந்தப்புறந்தான் காலே நேராகுது. பின்னங்காலையே நக்கிட்டு இருக்கறான். வயசான சோம்பல்னு நினைச்சுட்டேனுங்க. திங்கக்கிழமையானா இன்னும் மோசம், தொட்டாலே உறுமறான்.”

“அதென்னங்க திங்கக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்காரர் காருல கூட்டிட்டுப் போவாருங்க. மைதானத்துல நடக்க உட்டுக் கூட்டிட்டு வருவாரு.”

டாக்டர் தலையை ஆட்டினார். “சமதரைல நடக்கறது நல்லதுதானுங்க. அதுக்கு இப்படி வீங்காது. எங்கயோ மாடி ஏறி இறங்கறான்னு தோணுது. இத்தனை வலியோட ஒரு நாய் படி ஏறுதுன்னா, மேல அதுக்கு ரொம்பப் பிடிச்சது என்னமோ இருக்கோணும்.”

வலிக்கு ஒரு மாத்திரை எழுதினார். நாம் போடும் வலி மாத்திரையை மட்டும் மறந்தும் கொடுத்துவிடக் கூடாது என்றார். எடை குறைய வேண்டும், டைல்ஸ் வழுக்காமல் பாய் விரிக்க வேண்டும், படி கூடவே கூடாது.

அன்று மாலை பனியன் கம்பெனியிலிருந்து வந்த கணவர் பழனிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கை கழுவிக்கொண்டிருந்தவர் ஒரு நொடி நின்றார்.

“இவன் எந்த மாடியைக் கண்டான்? டாக்டருக என்னத்தையாவது சொல்லுவாங்க.”

அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் அவர் முடித்த பேச்சை யாரும் மறுபடி எடுப்பதில்லை.

பிஸ்கட்டைக் குட்டியாகப் பள்ளிக்கூடப் பையில் போட்டு எடுத்து வந்தவள் மகள் அனுப்பிரியா. இரண்டு வருடம் முன்பு, அப்பாவின் கம்பெனியிலேயே டெய்லராக இருந்த திருநெல்வேலிப் பையன் தனுஷைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அன்றைக்குப் பழனிமுத்து சூடத்தைக் கொளுத்தி வைத்து மனைவியிடம் சொன்னார்: “அவகூட ஒரு வார்த்தை பேசுனீன்னா, என்னைப் பொணமாத்தான் பார்ப்பே.”

ஜெயபாரதி போனிலிருந்து நம்பரை அழித்தாள். மகளைப் பற்றி அவள் பேசியதெல்லாம் பிஸ்கட்டிடம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, “டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தர்றேன்” என்று பழனிமுத்து பிஸ்கட்டைத் தூக்கிக் காரில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆஸ்பத்திரி திறக்காது என்பது ஜெயபாரதிக்குத் தெரியும்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். கார் மைதானத்தைத் தாண்டியது. ஊரையும் தாண்டி, சோமனூரில் விசைத்தறி ஓசைக்கு நடுவே ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முன் நின்றது.

பழனிமுத்து ஒரு கையில் துணிக்கடைப் பை, இன்னொரு கையில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு இறங்கினார். தனக்கு அவர் பூ வாங்கித் தந்து எத்தனை வருடம் இருக்கும் என்று ஜெயபாரதிக்கு நினைவில்லை.

வீட்டில் எழுந்து நிற்கவே யோசிக்கும் பிஸ்கட், வாலை ஆட்டிக்கொண்டு அவரை முந்திப் படியேறினான். முதல் மாடித் திருப்பத்தில் பின்னங்கால்கள் நடுங்கி உட்கார்ந்துவிட்டான். அவர் தூக்கப் போவதற்குள் தானே எழுந்து மறுபடி ஏறினான்.

யாரோ ஒருத்திக்காக என் நாயையும் இப்படிப் பாழாக்கியிருக்கிறாரே என்று நினைத்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

மூன்றாவது மாடியில் கதவு சாத்தியிருந்தது. வெளியே அவருடைய செருப்பு, பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்பு. உள்ளே அவர் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஓங்கித் தட்டினாள்.

கதவைத் திறந்தது அனுப்பிரியா. தலையில் அந்த மல்லிகை. இடுப்பில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. பின்னால் பாயில், மடியில் பிஸ்கட்டின் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பழனிமுத்துவின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜெயபாரதிக்குக் கோபம், சந்தேகம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. “கண்ணு...” என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

அனுப்பிரியா ஓரடி பின்வாங்கிக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“எங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனீங்கன்னு அப்பா சொன்னாருங்களே... இப்ப எதுக்கும்மா வந்தீங்க?”